மக்வலாவை நனைக்காத ஆறு

இன்றைக்கு ஜார்ஜியா என்கிறோமே, அந்த நாட்டை அதன் ஜனங்கள் கார்த்லி என்று அழைத்த காலத்தில், மன்னன் பழைய சாமிகளை மலையுச்சியிலிருந்து உருட்டித் தள்ளிவிட்டு, திராட்சை அறுவடை முடிவதற்குள் ஒரு தலை பாக்கியில்லாமல் நாடே கிறிஸ்துவின் பெயரால் தண்ணீரில் முங்கியாக வேண்டும் என்று ஆணை போட்ட வருஷத்தில், நக்வேரி என்ற மலையூரில் ஒரே காலையில் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆற்றில் முங்கினார்கள், நூற்றுப் பதினோரு பேர் நனைந்தார்கள். நனையாதவள் பெயர் மக்வலா.

ஆயர் எவ்லாலியோஸ் அவள் தலையை மூன்று முறை அமுக்கினார். மூன்று முறையும் அவள் போனபடியே வந்தாள். மாவு பிசைந்துகொண்டிருந்தவளை அப்படியே எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். முழங்கையில் ஒட்டியிருந்த மாவுகூட உதிரி உதிரியாக, காய்ந்தபடியே இருந்தது. தண்ணீர் அவள் உடம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, சண்டை போட்ட பங்காளியைக் கண்டால் ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி நின்றது. ஆயர் கரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி அமுக்கினார். நாலு, அஞ்சு, ஆறு. ஏழாவது முறை அவருக்கு மூச்சு வாங்கியது. அங்கியின் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கை வலிக்குதா சாமி?" என்று கேட்டாள் மக்வலா. "விருந்துல குவளையைத் தூக்கித் தூக்கிக் குடிச்சப்ப வலிக்கலையோ?"

கரையில் நின்ற ஊர் ஒன்றும் தெரியாததுபோல வேறு பக்கம் பார்த்தது. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கு நத்தேலா என்று ஆறு வயசில் ஒரு பெண் இருந்தாள். புருஷன் கரடி அடித்துச் செத்துப்போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்தக் குழந்தையும், மலைச்சரிவில் நாலு வரிசை திராட்சைக்கொடியும்தான். கோடை முடிகிற நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மன்னனின் மனைவியே சாகக் கிடந்து இந்தப் புதுச் சாமியால்தான் எழுந்து உட்கார்ந்தாள் என்று ஊருக்குள் பேச்சு இருந்தது. அந்தச் சாமியின் தண்ணீரைக் கையில் வைத்திருக்கிறவர் கிரேக்க நாட்டிலிருந்து வந்த ஆயர், அவர் பக்கத்து மேட்டில் பிரபு அஸ்பார் வீட்டில்தான் இறங்கியிருக்கிறார், அடுத்தது நம் ஊர்தான் என்றும் பேச்சு இருந்தது. மக்வலா அந்தப் பேச்சை நம்பினாள். பக்கத்து வீட்டு லேலாவை மேட்டுக்கு ஓடச் சொன்னாள்.

கார்த்லி ஜனங்களின் விருந்து எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே பந்தியில் உட்கார்ந்தவன் பசி தீர்ந்ததும் எழுந்துவிட முடியாது. பந்திக்கு ஒரு தலைவன் இருப்பான். அவன் குவளையைத் தூக்கி மண்ணை வாழ்த்துவான், மழையை வாழ்த்துவான், செத்தவர்களை வாழ்த்துவான், பிறக்கப்போகிறவர்களை வாழ்த்துவான், ஒவ்வொரு வாழ்த்துக்கும் குவளை காலியாக வேண்டும், கடைசி வாழ்த்து முடியாமல் விருந்தாளி எழுந்தால் அது வீட்டுக்காரன் முகத்தில் காறி உமிழ்ந்ததற்குச் சமம். பிரபு அஸ்பார் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட கையோடு கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டு, அந்த மகிழ்ச்சியில் பந்தி விரித்தான், தானே தலைவனாக உட்கார்ந்தான், கடைசி வாழ்த்தைச் சொல்ல அவனுக்கு மனமே வரவில்லை. பந்தி பத்தொன்பது நாள் நடந்தது. பதினோராம் நாள் லேலா மூச்சிரைக்க வாசலில் போய் நின்றபோது காவல்காரன், பந்தியில் இருக்கிற விருந்தாளியைக் கூப்பிடுகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். பதினாலாம் நாள் நத்தேலா செத்தாள். இருபதாம் நாள் ஆயர் கழுதை மேல் ஏறி, கன்னம் சிவந்து, ஜெபம் சொல்லிக்கொண்டே நக்வேரிக்குள் வந்தார்.

மக்வலா கழுதையின் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாமி, செத்துப்போனவங்களும் உங்க சாமிகிட்டதான போவாங்க?"

"போவார்கள் அம்மா. தண்ணீர் பெற்றவர்கள் போவார்கள்."

"தண்ணி பெறாதவங்க?"

ஆயர் நான்கு வருஷம் மன்னனின் நகரத்தில் இருந்து அந்த மொழியைக் கற்றவர். பிழையில்லாமல், ஏட்டில் எழுதினதைப் போலப் பேசுவார். "அவர்களுக்கு வாசலைத் திறக்கும் அதிகாரம் எனக்குத் தரப்படவில்லை" என்றார்.

"அப்ப எம்பொண்ணு எங்க நிக்கிறா?"

அவர் சிலுவை போட்டார். கையில் கல் இருந்திருந்தால் எறிந்திருப்பேன் என்று மக்வலா பிறகு லேலாவிடம் சொன்னாள். அதனால், மறுநாள் அவளை ஆற்றுக்கு இழுத்துப் போனபோது, ஆறு அவளை நனைக்காததைக் கண்டு ஆயர்தான் திகைத்தாரே தவிர ஊர் திகைக்கவில்லை. அந்தக் கோபத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் எப்படிப் போகும் என்று பேசிக்கொண்டு, ஈரத் துணிகளைப் பிழிந்து உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

முதல் வாரம் அவளைப் பார்க்கப் பயந்தார்கள். இரண்டாம் வாரம், அக்கரையில் இருந்த லேலாவின் அண்ணன் வீட்டில் அடுப்பு அணைந்துபோக, மக்வலா ஒரு கைப்பிடி நெருப்புக் கங்கைச் சட்டியில் எடுத்துக்கொண்டு நேராக ஆற்றுக்குள் இறங்கி, தலைமேல் தண்ணீர் ஓட, அடியில் நடந்து போய் அக்கரையில் ஏறினாள், கங்கு அணையவில்லை. அத்தோடு ஊருக்குப் பயம் தெளிந்தது. பிறகு கேட்க வேண்டுமா! உப்பு மூட்டை கடக்க வேண்டுமா, மக்வலா. கிழவன் பாத்தாவின் அரிவாள் மடுவில் விழுந்ததா, மக்வலா. மழை பிடித்துக்கொண்டால் அவளுடைய இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நடக்க நாலைந்து பேர் போட்டி போட்டார்கள், அந்த ஒரு விரற்கடைக் காய்ந்த இடத்தில் மூக்கையாவது வைத்துக்கொள்ளலாமே என்று. பச்சைக் குழந்தையை மழையில் எடுத்துப் போக வேண்டியவர்கள் அவள் மடியில் கொடுத்தார்கள். இரண்டு குடும்பம் தங்கள் சண்டையைக்கூட அவளை வைத்துத் தீர்த்துக்கொண்டது: மடுவின் அடியில் எல்லைக்கல் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அவள் போய்ப் பார்த்து வந்து சொன்னாள். கொடுத்து வைத்தவள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். பெற்ற பிள்ளையைப் புதைத்து நாற்பது நாள் ஆகாதவளைப் பார்த்து!

மக்வலா கேட்டதையெல்லாம் செய்தாள், செய்துகொண்டே திட்டினாள். குடித்த தண்ணீர் தாகத்தைத் தீர்த்தது, உதட்டை நனைக்கவில்லை. அழலாமென்று உட்கார்ந்தால் கண்ணில் மணல் அரித்தது. குழந்தையைப் புதைத்த இடத்துக்கு மட்டும் தினமும் போனாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் செத்தவர்களை மதுச் சாடியில் வைத்துப் புதைப்பார்கள். ஆள் உயரத்துக்கு மண்சாடி. உயிரோடிருக்கும்போது மதுவை ஊற்றி, கழுத்துவரை மண்ணில் இறக்கி வைக்கிற அதே சாடி. குழந்தைகளுக்குச் சின்னது. கிழக்கே வாய் பார்க்கப் படுக்க வைத்து, தட்டைக் கல்லால் மூடி, கொடி வரிசையின் கடைசியில் மண்ணைத் தள்ளிவிடுவார்கள். இனிமேல் அப்படிப் புதைக்கக்கூடாது, அது அஞ்ஞானிகளின் வழக்கம் என்று ஆயர் சொல்லியிருந்தார். மக்வலா அந்த மண்மேட்டின் மேல் உட்கார்ந்து, உள்ளே கேட்கிற மாதிரி உரக்க, அன்றைக்கு என்னென்ன நடந்தது என்று மகளுக்குச் சொல்லுவாள். பக்கத்து வரிசைகளில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்களின் காதிலும் அது விழும். "செத்தா போற அந்தச் சாமி வீட்டுக்குள்ள உன்னை விடமாட்டாங்களாம். எல்லாருக்கும் இடம் இருக்காம். அஸ்பாருக்கு இருக்காம், அவனோட குதிரைக்காரனுக்கு இருக்காம், உனக்கு மட்டும் இல்லியாம். நீ இல்லாத வீடு எனக்கு எதுக்கு? நெருப்பு வைக்கணும் அந்த வீட்டுக்கு."

பழம் பறிக்கிறவர்களின் கை அப்போது கொஞ்சம் நிற்கும். அவர்களுக்கும் வரிசைக் கடைசியில் சாடிகள் இருந்தன. முதலில் கிழவன் பாத்தாதான் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆயர் ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கையில், கையை நீட்டாமல், "எங்கப்பன் எங்க சாமி?" என்றான். அதே பதிலைத்தான் ஆயர் சொன்னார். "எனக்குப் பிறக்கும்போதே போன ரெட்டைப் பிள்ளைங்க?" என்றாள் லேலா. அதே பதில். அடுத்த ஞாயிறு ரொட்டி வாங்கப் பதினேழு பேர் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறு மூன்று பேர், அதில் ஒருத்தன் செவிடன்.

அறுவடை முடிந்து சாடிகளில் புது மது நுரைத்துக்கொண்டிருந்தபோது பிரபு அஸ்பார் குதிரையாட்களோடு வந்து இறங்கினான். தன் எல்லைக்குள் ஒருத்தி இன்னும் நனையாமல் இருக்கிறாள் என்பது மன்னன் காதுக்குப் போனால் அவனுக்கு அவமானம். "இன்னைக்கு இவ நனையணும். இல்லாட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் துரத்திட்டு இவ கொடியையெல்லாம் வெட்டிருங்க" என்றான்.

"துரத்துங்க பிரபு" என்றாள் மக்வலா. "பொண்ணைத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போறேன். அவளுக்கும் எனக்கும் இடமில்லாத ஊருதான இது."

"வாயைப் பாரு! இவளை ஆத்துல இறக்குங்கடா."

அவள் இடுப்பில் அரைக்கும் கல்லைக் கட்டி மடுவில் தள்ளினார்கள். ஊர் கரையில் நின்றது. ஆயரும் கரையில் நின்றார். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தது உண்மை. அஸ்பார் கையை உயர்த்தியதும் மூடிக்கொண்டதும் உண்மை. மக்வலா மடுவின் அடியில் கூழாங்கல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் அவளைச் சுற்றி ஒரு விரற்கடை தள்ளி நிற்க, அந்தச் சின்ன இடத்திலிருந்த காற்றை மூச்சாக இழுத்துக்கொண்டு, நிதானமாகத் திட்டத் தொடங்கினாள்.

திட்டு குமிழி குமிழியாக மேலே வந்தது. ஒவ்வொரு குமிழியும் தண்ணீர்ப் பரப்பில் உடைந்தபோது உள்ளே இருந்த சொல் வெளியே கேட்டது. முதலில் அஸ்பாரைத் திட்டினாள், அவன் பந்தியை, அவன் குவளையை, அவன் அஸ்திவாரத்தை. குதிரைகள் காதை விடைத்துக்கொண்டன. பிறகு ஊரைத் திட்டினாள்: எம்பிள்ளை செத்த வீட்டு வாசல்ல உப்பு மூட்டையோட வந்து நின்னீங்களே, என் கோபத்தைக் குடையாப் பிடிச்சுக்கிட்டு நடந்தீங்களே. ஊர் தலையைக் குனிந்தது. அதற்குப் பிறகு மெதுவாக ஒரு பெரிய குமிழி ஏறி வந்து, கரையோரத்தில், ஆயரின் காலடியில் உடைந்தது.

"ஒரே ஒரு தடவை எந்திரிச்சிருந்தா என்ன சாமி?"

ஆயர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மடுவில் குதித்தார். நீச்சல் தெரியாத மனுஷன். தண்ணீரைக் குடித்து, முங்கி, கைக்கு அகப்பட்ட கயிற்றைப் பிடித்து இழுத்து, கடைசியில் யார் யாரைத் தூக்கினார்கள் என்று சொல்ல முடியாதபடி இரண்டு பேரும் ஆழமில்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் நாய்க்குட்டிபோல நடுங்கினார். அவள் காய்ந்த உடுப்பை உதறிச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் ஆயர். அவருடைய ஏட்டுப் பேச்சு அப்போது எங்கேயோ போய்விட்டிருந்தது. "வாசல்ல ஒரு பொம்பளை வந்து கூப்பிட்டான்னு பதினோராம் நாளே காவல்காரன் என் காதுல சொன்னான். காய்ச்சல்னும் சொன்னான். நான் பிரபுவைப் பார்த்தேன். இவர் குவளையைத் தூக்கிட்டாரு. எந்திரிச்சா மரியாதைக் குறைவா இருக்குமேன்னு உட்கார்ந்துட்டேன். ஒரு குவளைதானேன்னு உட்கார்ந்தேன்."

"சாமி, இதெல்லாம் இவங்க முன்னாடி எதுக்கு?" என்றான் அஸ்பார்.

"இவங்க முன்னாடிதான் சொல்லணும்." ஆயர் கரையேறினார். "குழந்தையைக் கொண்டு வாங்க."

"செத்ததுக்கு ஞானஸ்நானமா? சட்டத்துல இடமில்லைன்னு நீங்களே சொன்னீங்களே!"

"சட்டத்துக்கு நான் போய் நின்னு பதில் சொல்லிக்கிறேன். என்னை ஆயர் இல்லைன்னு தள்ளிட்டா அதையும் வாங்கிக்கிறேன். கொண்டு வாங்க."

லேலாவும் மக்வலாவும் போய் மண்ணைத் தள்ளி, சின்னச் சாடியை எடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வழியில் பாத்தா நின்று பார்த்தான், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் வரிசைப் பக்கம் நடந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் போனான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. மதியத்துக்குள் நக்வேரியின் கொடி வரிசைகளின் கடைசி எல்லாம் குழியாகி, ஆற்றங்கரையில் சாடிகள் வரிசை பிடித்தன: பெரிய சாடி, நடுச் சாடி, இடுப்பில் வைத்துக்கொள்கிற அளவுச் சாடி, விரிசல் விட்டு நார்க்கயிற்றால் கட்டின சாடி, யாருடையது என்று யாருக்கும் நினைவில்லாத சாடி. உயிரோடிருந்தவர்கள் தங்கள் செத்தவர்களுக்குப் பக்கத்தில், சந்தையில் இடம் பிடித்தவர்கள் மாதிரி முன்னே பின்னே தள்ளிக்கொண்டு, எங்கப்பனுக்கு முதல்ல, எங்கக்காளுக்கு முதல்ல என்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்கள். இதைத் தடுப்பதா, தன் அம்மாவின் சாடியையும் கொண்டுவர ஆள் அனுப்புவதா என்று தெரியாமல் அஸ்பார் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் ஆள் அனுப்பினான். அவனுடைய சாடி வரிசையின் கடைசியில்தான் வைக்கப்பட்டது; முன்னால் விட யாரும் சம்மதிக்கவில்லை.

முதலில் நத்தேலா. ஆயர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூடியிருந்த கல்லைத் தானே நகர்த்தி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். ஞானஸ்நானத்தில் எல்லோருக்கும் ஒரு புதுப் பெயர் வைப்பது அவர் முறை. "மரியாள்" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள் மக்வலா. "நத்தேலான்னு கூப்பிடுங்க. வேற பேரு சொன்னா வரமாட்டா. ரொம்பப் பிடிவாதம்."

"நத்தேலா" என்று ஆயர் சாடியின் வாய்க்குள் கூப்பிட்டார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால்." தண்ணீரை மூன்று முறை உள்ளே விட்டார். ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. சாடிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம்தான் வந்தது, வேறொன்றும் வரவில்லை. மக்வலா கல்லை எடுத்து மறுபடி மூடினாள்.

ஆறு நாள் ஆயிற்று மற்ற சாடிகள் முடிய. ஆயருக்குக் கை தோளுக்கு மேல் எழவில்லை. கடைசி நாள் இரண்டு பேர் அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்த ஆறு நாளும் யாரும் அவருக்குக் குவளை நீட்டவில்லை, அவரும் கேட்கவில்லை, ரொட்டியும் வெங்காயமும் நின்றபடியே தின்றார். அஸ்பாரின் அம்மாவுக்கும் தண்ணீர் விட்டு முடிந்தபோது மக்வலா கரையிலிருந்து எழுந்து, யாரும் கூப்பிடாமல், தானாகத் தண்ணீரில் இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள். தண்ணீர் இன்னும் ஒரு விரற்கடை தள்ளியேதான் நின்றது.

"கோபம் போயிற்றா அம்மா?" என்றார் ஆயர்.

"இல்ல."

"நான் எப்படி..."

"கோபம் இருக்கட்டும். அது என்னோடது. எம்பொண்ணு இருக்கிற இடத்துக்கு நானும் போகணும், அவ்வளவுதான். முக்குங்க."

"என்ன பெயர் சொல்லட்டும்?"

"நத்தேலாவோட அம்மான்னு சொல்லுங்க."

ஆயர் இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை, பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் கேட்கிற குரலில், "நத்தேலாவின் அம்மா" என்று சொல்லி அவள் தலையில் கை வைத்து அமுக்கினார்.

மலைத்தண்ணீர், பனி உருகி வந்த தண்ணீர், ஒரேயடியாக அவள்மேல் விழுந்தது. காதில், மூக்கில், முடிக்குள், இத்தனை வாரமாகக் காய்ந்து கிடந்த கண்ணுக்குள் எல்லாம் புகுந்தது. மக்வலா எழுந்தாள், முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் வாயைத் திறந்து கத்தினாள். அது ஜெபமும் இல்லை, அழுகையும் இல்லை, அதில் சொல்லே இல்லை. ஆட்டுமந்தை மலையேறி ஓடியது. மேட்டில் அஸ்பார் வீட்டுப் பந்திப் பலகைகள் அதிர்ந்தன. லேலா அவளைப் பிடிக்க இறங்கினாள், ஆயர் வேண்டாம் என்று தலையசைத்தார். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போயிற்று, ஒருவர் பின் ஒருவராக ஜனங்கள் தங்கள் சாடிகளைத் தூக்கிக்கொண்டு கொடி வரிசைகளுக்குத் திரும்பிப் போனார்கள். அவள் கத்தி முடிக்கும் வரைக்கும் ஆயர் எவ்லாலியோஸ் இடுப்பளவுத் தண்ணீரில் அவள் எதிரிலேயே நின்றார்.